செப்சிஸ் ரிப்போர்ட்ல நேரத்தையும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர் மருத்துவப் பக்கத்துல செப்சிஸ் பத்தி, அதாவது கிருமித் தொற்று முத்தி உடம்பு உறுப்புங்களே கெட ஆரம்பிக்கற நிலைய பத்தி, வந்தத படிச்சேன். ரத்தத்துல லாக்டேட், புரோகால்சிட்டோனின் (பாக்டீரியா தொற்று இருந்தா ஏறற ஒரு புரதம்) மாதிரி சிலத அளந்தா நோயாளி தேறுவாரா மாட்டாரான்னு முன்கூட்டியே கணிக்கலாம்னு போட்டிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரலீங்க. ஆனா நான் பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன லேப்ல டெக்னீஷியன், ரிப்போர்ட்ட வாங்கிட்டு கவுன்டர விட்டு நகராம "இந்த நம்பர் வந்தா ஆளு பொழைச்சிக்குமா தம்பி"ன்னு கேக்கற ஜனங்கள தினமும் பாக்கறவன், அதனால அந்த நம்பருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் நாலு வார்த்தை வந்திருக்கலாம்னு தோணுச்சு.

சின்ன விஷயம் இல்ல இது. 2017ல மட்டும் உலகம் பூரா சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்து 1 கோடியே 10 லட்சம் பேர் செத்துப்போனாங்கன்னு 2020ல லான்செட் பத்திரிகைல கணக்கு வந்துச்சு, அதாவது அஞ்சு சாவுல ஒண்ணு. எங்க பக்கம் சுகர் கால் புண்ணு, மூத்திரக்குழாய் இன்ஃபெக்ஷன், நிமோனியா, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற காய்ச்சல்னு ஆரம்பிச்சு, "கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு"ன்னு முடியறது எல்லாம் இதுதான்.

லாக்டேட்ட எடுத்துக்குங்க. உடம்புக்கு ரத்த ஓட்டம் சரியா போகலன்னா, ஆக்சிஜன் பத்தலன்னா இது ஏறும், லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல போனா உஷாராகணும், 4க்கு மேல போனா ஆபத்து அதிகம். இதெல்லாம் சரி, ஆனா ஒரே ஒரு தடவ பாத்த நம்பர் பாதிக் கதைதான். 2க்கு மேல இருந்தா சலைன், ஆன்டிபயாட்டிக் போட்டுட்டு ரெண்டு நாலு மணி நேரத்துல மறுபடி பாக்கச் சொல்றாங்க, அந்த ரெண்டாவது நம்பர் எறங்குதா இல்ல அப்படியே நிக்குதாங்கறதுதான் டாக்டருக்கு நெறைய சொல்லும். 6ல இருந்து 3க்கு வந்தவரும் 3லயே உக்காந்திருக்கவரும் ஒண்ணு இல்ல. ஃபிட்ஸ் வந்தவங்களுக்கும் ஏறும், லிவர் கெட்டவங்களுக்கும் ஏறும், வீசிங்குக்கு நெபுலைசர் நெறைய வெச்சாலும் ஏறும், அது எல்லாமே செப்சிஸ் ஆகிடாது.

அப்புறம் சாம்பிள் சமாச்சாரம். இத யாரும் எழுதறதில்ல, அதனாலதான் கொஞ்சம் நீட்டறேன், மன்னிச்சுக்குங்க. எடுத்த ரத்தம் ட்யூப்ல சும்மா இருக்கறப்பவும் அதுல உள்ள செல்லுங்க சர்க்கரைய எரிச்சு லாக்டேட் உண்டாக்கிட்டே இருக்கும். அதனாலதான் சுகருக்கு எடுக்கற அதே சாம்பல் மூடி ஃபுளோரைடு ட்யூப்ல எடுத்து, ஐஸ்ல வெச்சு, சீக்கிரமா மெஷின்ல ஓட்டணும். கைல கயிற ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டி, மூடு தொறன்னு விரல மடக்க விட்டு எடுத்தாலும் நம்பர் கூடுதலா காட்டலாம். சாதா ட்யூப்ல எடுத்து, மெயின் லேபுக்குப் போற பையன் பைக் வர்ற வரைக்கும் மேஜை மேல வெச்சிருந்து, மத்தியானம் எடுத்தத சாயந்தரம் ஓட்டினா அந்த நம்பர் நோயாளியோடதா ட்யூபோடதான்னு யாருக்குத் தெரியும்?

யூனிட் இன்னொரு தலைவலி. ஒரு பொண்ணு போன்ல அழுதுச்சு, அண்ணா காலைல 5 இருந்துச்சு, இப்ப பெரிய ஆஸ்பத்திரில 36ன்னு வந்திருக்கு, எங்கப்பா அவ்ளோதானான்னு. காலைல பாத்தது மில்லிமோல் கணக்கு, சாயந்தரம் பாத்தது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு, 9ஆல வகுத்தா 36ங்கறது 4தான் வரும். எறங்கித்தான் இருக்கும்மா, டாக்டர்ட்டயே கேட்டுக்கன்னு சொன்னேன், நம்பவே இல்ல.

புரோகால்சிட்டோனின் விலை ஆயிரத்துக்கு மேல போகுது, காய்ச்சல் பேக்கேஜ்னு இதையும் சேத்து விக்கறவங்க இருக்காங்க. பெரிய ஆபரேஷன், தீக்காயம், கிட்னி ஃபெயிலியர்லயும் இது ஏறும். 2021ல வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல்ல ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கலாமா வேணாமான்னு முடிவெடுக்க இத நம்பி உக்காராதீங்கன்னும், எப்ப நிறுத்தலாம்னு முடிவெடுக்க உதவியா வெச்சுக்கலாம்னும்தான் இருக்கு. மருந்து கேட்டா தினமும் ஏறக்குறைய பாதியா கொறையும், அத பாக்கத்தான் இது லாயக்கு. ரிப்போர்ட் வரட்டும்னு முதல் ஊசிய தள்ளிப்போட இல்ல.

நம்ம மலையடிவாரத்துக்கு இன்னொண்ணு. பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரின்னு ஆடு மேய்க்க, விறகு எடுக்கப் போறவங்களுக்கு மழை பனி சீசன்ல ஸ்க்ரப் டைஃபஸ்ங்கற, புதர்ல இருக்க சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல் வரலாம், முத்தினா இதுவும் செப்சிஸ் மாதிரியே பிபி எறங்கி மூச்சு வாங்கும், சாதாரண கல்ச்சர்ல (ரத்தத்துல இருக்க கிருமிய லேப்ல வளத்துப் பாக்கற டெஸ்ட்) இந்தக் கிருமி வளராது, வழக்கமா போடற செஃப்ட்ரியாக்சோன் ஊசி கேக்காது, வெல கம்மியான டாக்சிசைக்ளின் மாதிரி மருந்துதான் கேக்கும். லாக்டேட் ஏறியிருக்குன்னு காட்டும், எதனாலன்னு காட்டாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருக்கான்னு துணிய விலக்கிப் பாக்கணும், இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

செலவில்லாத வேற ஒண்ணும் இருக்கு. விரல் நுனிய 10 செகண்ட் அழுத்தி விட்டா வெளுத்தது 3 செகண்ட்டுக்குள்ள பழைய நிறத்துக்கு வரணும். 2019ல தென் அமெரிக்கா அஞ்சு நாட்டுல 424 செப்டிக் ஷாக் (செப்சிஸ் முத்தி பிபி எறங்கின நிலை) நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு இத வெச்சும் மீதிப் பேருக்கு லாக்டேட்ட வெச்சும் வைத்தியம் நடத்தினாங்க, 28 நாள்ல இறந்தவங்க விரல் பாத்த பக்கம் 34.9 சதவீதம், லாக்டேட் பக்கம் 43.4. விரல்தான் ஒசத்தின்னு அடிச்சு சொல்ற அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியாகல, ஆனா மெஷின் இல்லாத எடத்துல கைகட்டி நிக்க வேணாம்னு தெரியுது இல்லீங்களா.

தர்மபுரில 2008ல இருந்து மருத்துவக் கல்லூரி இருக்கு, கிருஷ்ணகிரிக்கும் 2022ல வந்துடுச்சு, ஆனாலும் தாலுகாவுல இருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து தொப்பூர் கணவாய் தாண்டி சேலத்துக்கு, ஓசூர்க்காரங்க பெங்களூருக்குன்னு ஆளுங்க போயிட்டேதான் இருக்காங்க. கூட போற ரெஃபரல் சீட்டுல "செப்சிஸ், லாக்டேட் ஹை" அவ்ளோதான் இருக்கு. எத்தன மணிக்கு எடுத்தது, எவ்ளோ, எந்த யூனிட், கல்ச்சர் எடுத்தாச்சா, முதல் ஆன்டிபயாட்டிக் எது, எத்தன மணிக்குப் போட்டது, ஒண்ணும் இருக்காது. அங்க இருக்க டாக்டர் புதுசா மொதல்ல இருந்து ஆரம்பிப்பார், எறங்குதா ஏறுதான்னு ஒப்பிட கைல ஒண்ணும் இருக்காது, பாத்த டெஸ்ட் காசும் வீண்.

ரெண்டு மாவட்ட சுகாதாரத் துறையும் அரசு ஆஸ்பத்திரி, பிரைவேட்னு பாக்காம இந்த அஞ்சாறு விவரத்தையும் ரெஃபரல் சீட்டுலயே கட்டம் போட்டு அச்சடிச்சுக் குடுக்கணும், எங்கள மாதிரி லேபுங்களும் ரிப்போர்ட்ல சாம்பிள் எடுத்த நேரத்தையும் ஓட்டின நேரத்தையும் தனித்தனியா போடணும்னு உத்தரவு வரணும். தாலுகா ஆஸ்பத்திரிங்களுக்கு கையடக்க லாக்டேட் மீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தா இன்னும் நல்லது. உங்க பேப்பர்ல இது வந்தா பாக்க வேண்டியவங்க கண்ல படும்னு நம்பறேன்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.