ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் அடைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் வீட்டு அலங்கார இணைப்பில், வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஏற்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகுதான், ஆனால் அவற்றில் ஸ்பீக்கர்கள் இருந்த இடங்களைப் பார்த்ததும் இதை எழுதியே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு படத்தில் டிவி ஷோகேஸின் மரப்பெட்டிக்குள் இரண்டையும் சொருகியிருக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு ஸ்பீக்கர் லாஃப்டில், மற்றது ஃபிரிட்ஜுக்கு மேலே! எந்த ஆம்ப்ளிஃபயர், என்ன விலை, எத்தனை வாட் என்பதற்கெல்லாம் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. நல்ல இடத்தில் வைத்த பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கர், மூலையில் முடங்கிக் கிடக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரைவிட நன்றாகப் பாடும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இடது, வலது என இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ என்பதே இட விஷயம்தான். 1931-ல் ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோது அவருடைய கவலை, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கேட்பவரின் காதுக்கு எப்படி உணர்த்துவது என்பதுதான். கேட்பவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால்தான் அந்த மாயம் நடக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழு அடி என்றால், உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய ஏழு அடி. அவ்வளவுதான், சமபக்க முக்கோணம்.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பார்கள். ஒலி ஒரு நொடியில் சுமார் 1,130 அடி போகிறது. ஒரு ஸ்பீக்கர் உங்களுக்கு ஓர் அடி அருகில் இருந்தால் அதன் ஒலி கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி முந்தி வந்து சேர்கிறது, காதுக்கு அதுவே போதும், நடுவில் நிற்கவேண்டிய பாடகர் அந்தப் பக்கமே போய் ஒட்டிக்கொள்வார். அதனால் கண் அளவை நம்பாமல் டேப் பிடித்து அளக்கவேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நம் ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காமல் ஒரே ஒலியாகப் பதிவானவை. அதில் ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடினால் பாட்டு முழுக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரவேண்டும். குரல் இங்கும் அங்கும் கலைந்து, பாஸும் (தாழ்ந்த, கனத்த ஒலி) காணாமல் போயிருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து சுவர். இதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. பாஸ் ஒலி ஸ்பீக்கருக்கு முன்னால் மட்டும் போவதில்லை, பின்னாலும் பரவிச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் அலை சில அலைவரிசைகளில் நேராக வரும் அலைக்கு எதிராக நின்று அதை அமுக்கிவிடும். எந்த அலைவரிசையில் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: ஊஃபருக்கும் (பாஸைத் தரும் பெரிய கூம்பு) பின்சுவருக்கும் உள்ள தூரம் எத்தனை அடியோ, அதால் 282-ஐ வகுக்கவேண்டும். இரண்டு அடி என்றால் 140 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 140 அதிர்வு) பக்கத்தில் ஒலி அமுங்கிப்போகும் ஒரு பள்ளம். மூன்று அடி என்றால் அது 94-க்கு இறங்குகிறது. பள்ளத்தை ஒரேயடியாக ஒழிக்க முடியாது, குரலையும் வாத்தியத்தையும் அதிகம் கெடுக்காத அலைவரிசைக்கு நகர்த்தலாம். பக்கச் சுவருக்கும் இதே கதைதான், ஆகவே பின்சுவர் தூரமும் பக்கச் சுவர் தூரமும் ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும்.

மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவரும் சேர்ந்து பாஸை ஊதிப் பெருக்கும். கடையில் அது கம்பீரமாகத் தோன்றும், வீட்டில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தனியாகக் கேட்காமல் எல்லாம் ஒரே 'கும்' ஆகிவிடும். மூலையில் வைப்பதற்கென்றே செய்த ஸ்பீக்கர்களும் உண்டு, அமெரிக்காவில் பால் க்ளிப்ஷ் 1940களில் உருவாக்கியது அப்படிப்பட்டது. ஆனால் நாம் வாங்குகிறவை பொதுவாக அந்த ஜாதி இல்லை.

நம் ஊர் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். மரச் சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட வெளிநாட்டுச் சுவர், பாஸில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும், கொஞ்சம் தின்றும் விடும். நம்முடையது செங்கல், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். ஒலி உள்ளேயே முட்டி மோதிக்கொண்டிருக்கும். அறையின் நீளத்தை அடியில் எடுத்து 565-ஐ அதால் வகுத்தால் அந்த அறை எந்த அலைவரிசையில் அதிர்ந்து நிற்கும் என்று தெரியும். பதினாறு அடிக்கு 35 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு 56. ஆக, பத்துக்குப் பத்து படுக்கையறை, உயரமும் பத்து அடி என்றால் மூன்று பக்கமும் ஒரே 56-ல் வந்து நிற்கிறது. பாட்டுக் கேட்க அதைவிட மோசமான அறை இல்லை, ஆனாலும் "இது சும்மாதானே இருக்கு" என்று அதைத்தான் ஒதுக்கித் தருவார்கள்.

உட்காரும் இடமும் அப்படியே. சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அங்கே பாஸ் தலையில் இடிக்கும், அறையின் சரிபாதியில் போட்டால் பாஸ் வற்றிப்போகும். நீளத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு தள்ளி உட்காரச் சொல்வது ஒரு பழைய கணக்கு. பதினாறு அடி ஹாலில் அது பின்சுவரிலிருந்து ஆறு அடி. நடைபாதை அடைபடும், வீட்டில் சண்டை வரும், சரி. இரண்டு அடியாவது முன்னால் இழுங்கள், அதற்கே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கருக்கும் இதே யோசனைதான்: சரியான இடத்தில் தரையில் அடையாளம் வைத்துக்கொண்டு, கேட்கும்போது முன்னே இழுத்து, முடிந்ததும் பின்னே தள்ளிவிடலாம்.

உயரம்: ட்வீட்டர் (கீச்சென்ற உச்ச ஒலியைத் தரும் சிறிய பகுதி) காது மட்டத்தில் இருக்கவேண்டும், சோஃபாவில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து மூன்று அடி, மூன்றே கால் அடி. இதற்கு ஸ்டாண்ட் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை, வெல்டிங் பட்டறையில் அளவு சொன்னால் இரும்பில் செய்து தருவார்கள். அப்புறம் பக்கச் சுவர். நீங்கள் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைச் சுவரோடு ஒட்டி ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியையோ கனமான திரையையோ வையுங்கள், எதிரே தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள்.

உங்கள் இணைப்பில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு நிறைய எழுதுகிறீர்கள். வயரிங் வரைபடம் போடும்போதே ஸ்பீக்கர் நிற்கப்போகும் சுவரில் பிளக் பாயின்ட் கேட்கச் சொல்லியும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயரிலிருந்து அந்த இடம்வரை ஒரு பைப் புதைக்கச் சொல்லியும் எழுதுங்கள். இன்டீரியர்காரர் வந்து ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்தபிறகு இதைப் பேசினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி