முதல் போன் எனக்கு வேண்டாம், பாப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தினமும்தான் பேசுகிறோம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது, சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எழுதினால் நீயும் பத்திரமாக வைத்துத் திரும்பப் படிப்பாய்.

அன்றைக்கு பெர்லினில் நடு ராத்திரி, மதுரையில் விடிகாலை நாலரை. "அம்மா, உதடு வீங்குது, நாக்கு தடிக்குது" என்றாய். அடுத்த வார்த்தைக்குள் உன் மூச்சில் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கேஷுவாலிட்டியில் காலம் தள்ளியவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேக்கரியில் வாங்கிய பண்டத்தில் ஹேசல்நட் இருந்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. "போனை வை, 112 அடி" என்று அங்குள்ள அவசர எண்ணைச் சொல்லி நான் கத்தியதில் அப்பா பதறி எழுந்துவிட்டார். அதற்குள் நீ வீணாக்கிய நிமிஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஏன் முதலில் என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்டதற்கு, ஆம்புலன்ஸ் வந்தால் பில் எவ்வளவு வருமோ என்று பயமாக இருந்தது, சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டுத் திட்டு வாங்கிவிடுவோமோ என்றும் யோசித்தேன் என்றாய். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

பணம். மாணவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸில்தானே இருக்கிறாய்? அதில் அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தால் உன் கையிலிருந்து போவது அதிகபட்சம் 10 யூரோ. ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ. மற்றதை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்தக் கார்டு எப்போதும் பர்ஸில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம்.

திட்டு. மூச்சு விட முடியவில்லை என்று கூப்பிடுகிறவரை எந்த ஊரிலும் யாரும் திட்ட மாட்டார்கள், பாப்பா. நான் டியூட்டி பார்த்த நாளெல்லாம் மனசு உடைந்தது, தாமதமாக வந்தவர்களைப் பார்த்துத்தான். "ராத்திரி நேரத்துல யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டோம்" என்பார்கள். தேவையில்லாமல் சீக்கிரம் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இது சின்னதா பெரியதா என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. உன் வேலை நம்பரை அழுத்துவது.

112 ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும். 1991-லேயே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவென்று முடிவு செய்த எண் அது. லீவில் பாரிஸ் போனாலும் பிராக் போனாலும் அதேதான். ஜெர்மனியில் போலீஸுக்கு மட்டும் தனியாக 110. பெர்லினில் ஆம்புலன்ஸை நடத்துவது தீயணைப்புத் துறை. அதனால் எடுப்பவர் "ஃபொயர்வேர்" என்று ஏதாவது சொன்னால் ராங் நம்பர் என்று வைத்துவிடாதே, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய். ஆங்கிலத்திலேயே பேசு. ஆனாலும் "இஷ் பெகோமெ கைனெ லுஃப்ட்", எனக்கு மூச்சு வரவில்லை என்கிற இந்த ஒரு வரியை மட்டும் ஜெர்மனில் மனப்பாடம் செய்துகொள். அவர்கள் கேட்டு முடித்து, வைக்கலாம் என்று சொல்லும்வரை போனை வைக்காதே. உன் பழைய போனில் சிம் இல்லை, ஆனாலும் அவசரத்துக்கு ஆகும் என்று தலைமாட்டில் வைத்திருக்கிறாயே, அது அங்கே ஆகாது. 2009-லிருந்து ஜெர்மனியில் சிம் இல்லாத போனிலிருந்து 112 போகாது.

இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். வண்டி சீக்கிரம் வந்துவிட்டது. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். ஏன்? நீ உன் பெயரைச் சொல்லியிருக்கிறாய், வாசல் பெல் வரிசையில் அந்தப் பெயரே இல்லை! நீ இருப்பது உள்வாடகை. பெல்லில் இருப்பது வீட்டை எடுத்தவருடைய பெயர். நம்ம ஊரில் 108-ஐக் கூப்பிட்டால் "பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, பச்சை கேட்டு, மாடி வீடு" என்போம், தெருமுனையில் ஒரு ஆள் நின்று கையைக் காட்டுவார். அங்கே வீட்டுக் கதவுக்கு நம்பர்கூடக் கிடையாது, பெயர்தான் அடையாளம் என்கிறாய். முதல் தளத்துப் பாட்டி எட்டிப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவர் திறக்காவிட்டால்?

ஆகவே முதல் வேலையாக, வீட்டுக்காரரிடம் கேட்டு உன் பெயரையும் பெல்லிலும் தபால் பெட்டியிலும் ஒட்டு. அவர் தயங்கினால் விடாதே, நானே அவரிடம் பேசுகிறேன். அதுவரை 112-இல் பெல்லில் இருக்கும் பெயரைச் சொல். உன்னுடையது முற்றம் தாண்டி உள்ளே இருக்கும் கட்டடம், அங்கே அதை "ஹின்டர்ஹவுஸ்" என்கிறார்கள். அதைச் சொல்லாவிட்டால் தெருவைப் பார்த்த முன்கட்டடத்து மாடியெல்லாம் ஏறித் தேடுவார்கள். எத்தனையாவது மாடி, படியில் ஏறியதும் இடமா வலமா என்பதையும் சொல். தெருப் பெயரோடு அஞ்சல் எண்ணையும் கட்டாயம் சொல். 1920-இல் பல ஊர்களைச் சேர்த்துத்தான் இன்றைய பெர்லினை உண்டாக்கினார்கள். அதனால் ஒரே பெயரில் தெருக்கள் வேறு வேறு பகுதியில் இருக்கின்றன, "பெர்லினர் ஸ்ட்ராஸெ" என்று மட்டும் சொன்னால் எந்தப் பகுதிக்கு வருவார்கள்? இவ்வளவையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவை. மூச்சு முட்டும்போது அஞ்சல் எண் யாருக்கும் ஞாபகம் வராது, பார்த்துப் படிக்கத்தான் முடியும்.

வெளியில் இருக்கும்போது ஏதாவது என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கையைக் காட்டிக் கூப்பிடு. முகத்தைப் பார்த்தால் கடுகடுவென்று இருக்கிறார்கள் என்று நீ முன்பு குறைப்பட்டாய். ஆனால் ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் போவது அங்கே சட்டப்படியே குற்றம், குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவு, ஓராண்டு சிறை வரை போகும். சட்டம் இல்லாவிட்டாலும் உதவுவார்கள் என்றே நான் நம்புகிறேன், அந்தப் பாட்டி சட்டம் பார்த்தா கதவைத் திறந்தார்? சுரங்க ரயில் நடைமேடையில் அவசர பட்டன் வைத்த தூண் இருக்கிறதாம், நாளைக்கே உன் ஸ்டேஷனில் அது எங்கே என்று பார்த்துவை.

காய்ச்சல், வாந்தி, காது வலி போன்று உயிருக்கு ஆபத்தில்லாதது, டாக்டர் கிளினிக் மூடிய நேரத்தில் வந்தால் 116117. ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

இனி உன் அலர்ஜி. குடும்ப டாக்டரிடம் போய், அட்ரினலின் பேனா, அதாவது நாமே குத்திக்கொள்ளும் அவசர ஊசி, எழுதித் தரச் சொல், இரண்டாக வாங்கு. ஒன்று போதாமல் போகலாம். வெளித்தொடையில் குத்த வேண்டும், பேண்ட் மேலேயே குத்தலாம். குத்தியதும் சரியாகிவிட்டது என்று இருக்காதே, 112-ஐக் கூப்பிட்டே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி வரலாம், அதற்காகத்தான் அன்றைக்கும் உன்னை உடனே அனுப்பாமல் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வண்டி வரும்வரை எழுந்து நடக்காதே. மயக்கம் வந்தால் படுத்துக் காலைத் தூக்கி வை, மூச்சு திணறினால் சாய்ந்து உட்கார். ரூம்மேட் வந்ததும் பேனாவை எப்படிக் குத்துவது என்று அவளுக்கும் காட்டு. போன் பூட்டியிருந்தாலும் தெரிகிற மாதிரி, அவசர விவரத்தில் அலர்ஜியைப் பதிந்துவை.

அலர்ஜி டாக்டரிடம் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது என்கிறாய். அவசரக் குறியீடு போட்ட பரிந்துரைச் சீட்டை குடும்ப டாக்டரிடம் கேட்டு வாங்கு, அதை வைத்து 116117 வழியாகவே சீக்கிரத் தேதி வாங்கித் தருவார்கள். செவ்வாய்க்கிழமை போகிறேன் என்றாயே, பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அப்பா ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டிருக்கிறார், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போ. டாக்டர் என்ன சொன்னார் என்று சாயங்காலம் சொல்.

அன்புடன்,
அம்மா