வழித்தடம் நீண்டது, வண்டிகள் எங்கே?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, போக்குவரத்து நிறுவனம்

பொருள்: புறநகர் நீட்டிப்புக்குப் பின் பாதியாகிவிட்ட பேருந்து சேவை, இரட்டைக் கட்டணம்

ஐயா / அம்மையீர்,

தொலைபேசியில் சொல்லி, செயலியில் பதிந்து, உங்கள் அலுவலகப் படிகளையும் ஏறி இறங்கி அலுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண் ஒன்று தருகிறீர்கள், அத்தோடு சரி.

மாநகர எல்லையோடு நின்றிருந்த எங்கள் வழித்தடத்தைப் புறநகர்வரை நீட்டினீர்கள், நன்றி. ஆனால் வண்டி ஒன்றைக்கூடக் கூட்டவில்லையே? போய்த் திரும்ப ஒரு மணி நேரமாகும் தடத்தில் 4 வண்டிகள் ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். அதே 4 வண்டிகளை இரண்டு மணி நேரத் தடத்தில் விட்டால் அரை மணிக்கு ஒன்றுதான். நடை அட்டவணை போடும் உங்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டுமா? அந்த அரை மணியும் காகிதத்தில்தான். நெரிசலில் முன்வண்டி தாமதிக்க, நிறுத்தம்தோறும் கூட்டம் சேர்ந்து அது இன்னும் தாமதிக்க, பின்வண்டி வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றாகப் போய்விட்டால் அடுத்தது எப்போது என்பது யாருக்கும் தெரியாது.

இதைக் கேட்கத்தான் அரை நாள் விடுப்பு எடுத்து முனைய அலுவலகம் வந்தேன். கவுண்டர் கண்ணாடியில் பேசுவதற்கு இருக்கும் துளைகளை மூடியபடி 'சேவை விரிவாக்கம்' என்ற உங்கள் சுவரொட்டி. காசு தள்ளும் இடுக்கின் வழியே குனிந்து பேசினேன். உள்ளே இருந்தவர் சில்லறையை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "வண்டியே வராத இடத்துக்கு வண்டி விட்டிருக்கிறோம், அதுவும் போதாதா?" என்றார். பயணி என்றால் அவ்வளவு இளக்காரமா?

ரயிலிலிருந்து இறங்கி 60 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் கட்டணமில்லை என்பது உங்கள் விதி. நீங்கள் அனுப்பாத வண்டிக்கு நிற்கும்போதே அந்த 60 நிமிடமும் கரைந்து, ஏறியதும் கருவி என் பயண அட்டையிலிருந்து முழுக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்கிறது. தாமதம் உங்களுடையது, அபராதம் எனக்கா? செயலியோ '3 நிமிடத்தில்' என்று காட்டிய வண்டியை அப்படியே திரையிலிருந்து மறைத்துவிடுகிறது. அது வண்டியைப் பார்த்துச் சொல்கிறதா, அட்டவணையை ஒப்பிக்கிறதா? கடைசி ரயில் வரும் முன்பே கடைசிப் பேருந்து கிளம்பிவிடுவதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. என் தூக்கம், உடல்நலம், கைக்கெட்டிய பதவி உயர்வு எல்லாவற்றையும் உங்கள் அட்டவணை விழுங்கிவிட்டது.

அந்தக் கவுண்டர்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தயவுசெய்து கூடுதல் வண்டிகள் விடுங்கள். முடியாவிட்டால், கூட்டம் மிகுந்த பகுதியோடு திரும்பும் குறுநடைகளையாவது இடையிடையே இயக்குங்கள். கடைசிப் பேருந்தை ரயில் வந்தபின் எடுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன், பத்திரிகைகளுக்கும் எழுதுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கூடுதலாகப் பிடித்த கட்டணத்தை என் அட்டையிலேயே வரவு வையுங்கள். இலவசப் பயணக் கூப்பன் மட்டும் வேண்டாம். ஏறுவதற்கு வண்டி வந்தால்தானே கூப்பன்!

இப்படிக்கு,
புறநகர்ப் பயணி

இணைப்பு: அட்டையில் கட்டணம் பிடித்த விவரம்