கண்மாய்க் கரைப் பனைகளை வெட்ட யார் அனுமதி கொடுத்தது?

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்ற பனைகளைப் போன வாரம் சாய்த்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்குக் கொண்டு போய்விட்டார்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது தங்களுக்குத் தெரியும். இந்த மரங்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டதா? இல்லையென்றால் வெட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "ஒரு மரத்துக்குப் பத்து விதை நட்டுடலாம், விடுங்க" என்றார்கள். நடட்டும், சந்தோஷம்தான். ஆனால் பனை பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். ஆண் பனையா பெண் பனையா என்பதே அப்போதுதான் தெரியும். அதுவரை எங்கள் ஊர்ப் பனையேறி எதைச் சீவுவார்? சாய்ந்தவற்றில் பாதிக்கு மேல் அவர் குத்தகைக்கு எடுத்த மரங்கள். பணம் முன்னாலேயே கொடுத்தாகிவிட்டது. வெட்டிப் போட்ட கொண்டைகளில், அவர் பக்குவமாக இடுக்கிக் கட்டிய பாளைகள் அப்படியே இருந்தன. பதனீர் புளிக்காமலிருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயங்கள் கரை முழுக்க நொறுங்கிக் கிடந்தன. பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் அவர் மனைவிக்கும் இந்தப் பருவத்தில் வேலை இல்லை. மரத்துக்குப் பதில் விதை என்று சொன்னவர்கள் இந்த வீட்டுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பனையேறிகளுக்கு எப்போதுமே இந்தக் கதிதான். பதனீர் இறக்கினாலும் கள் என்று சந்தேகம், விசாரணை, அலைச்சல். மாநில மரம் என்று பெயர் கொடுத்துவிட்டு, அதில் ஏறுபவரைக் குற்றவாளி மாதிரி நடத்துகிறோம். நம் பழைய நூல்கள் நமக்குக் கிடைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. உ.வே.சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது பனையோலை ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்துதான். ஓலை என்றைக்கும் நிலைப்பதில்லை. பூச்சி அரிக்கும், ஒடிந்து போகும். அதனால் பழைய ஏடு அழியுமுன் புது ஓலையில் படியெடுத்தார்கள், திரும்பத் திரும்ப, பல நூறு ஆண்டுகள். அத்தனை காலமும் யாரோ ஒருவர் மரமேறி ஓலை வெட்டிப் போட்டிருக்கிறார். அந்த ஓலையை எழுதுவதற்குப் பதப்படுத்தி, எழுத்தாணி பிடித்தவர்களின் பெயராவது சில ஏடுகளில் உண்டு. ஏறியவர் பெயர் எதிலும் இல்லை. இன்றைக்கு அவருடைய மரத்தையும் சூளையில் வைத்து எரிக்கிறோம் என்றால், ஐயா, எங்களுக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. அனுமதியில்லாமல் வெட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். பனையேறிக்குக் குத்தகைப் பணத்தையும் இந்தப் பருவத்து வருமானத்தையும் அவர்களிடமிருந்து வாங்கிக் கொடுங்கள். தென்கரையில் இன்னும் ஒரு வரிசைப் பனை நிற்கிறது. அதிலும் சிவப்புச் சாயத்தில் எண் போட்டிருக்கிறார்கள். அந்த மரங்கள் விழுமுன் ஓர் அலுவலரை அனுப்பி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்