கேட்டில் நிறுத்த மாட்டார்கள், கயல்

கும்பகோணம்
18.5.2025

அன்புள்ள கயல்,

முகிலுக்குக் காட்டலாமா என்று நீ கேட்டிருந்த அந்தப் பேய்ப்படத்தை நேற்று மேட்னி ஷோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், முகில் நடுவில் புகுந்து கெஞ்ச ஆரம்பிப்பான், நானும் மனசு இளகி சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் உன்னிடம் சொன்னது உண்மைதான். உங்கள் சிங்கப்பூரில் படத்துக்கு என்சி16 கொடுத்திருக்கிறார்கள். பதினாறு ஆகாத பிள்ளையை, பெற்றவர்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாலும் உள்ளே விட மாட்டார்கள். இங்கே அதே படத்துக்கு யுஏ 16+. இரண்டு ஊரிலும் எண் ஒன்றுதான். ஆனால் இங்கே கேட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு, ஜூன் லீவுக்கு ஊருக்கு வரும்போது தாத்தாவோடு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

தியேட்டர்காரர்கள் கண்டுகொள்வதில்லை என்று நினைக்காதே. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. நான் தியேட்டரில் படம் ஓட்டுகிற உதவி ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தது 1983. அந்த வருஷம்தான் யுஏ என்பதே வந்தது. அதுவரை பொதுமக்கள் படம் என்றால் யு, இல்லையென்றால் ஏ. யுஏ என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அர்த்தம். நாற்பது வருஷம் கழித்து, 2023இல் சட்டத்தைத் திருத்தி, அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் அந்த எண் பெற்றோர் யோசிப்பதற்காகத்தான். அவர்களைத் தவிர வேறு யாரும் அதைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க முடியாது என்று அதே திருத்தத்தில் எழுதியிருக்கிறது. ஏ படமாக இருந்தால் மட்டும்தான் பதினெட்டு ஆகாதவர்களுக்கு இடம் கிடையாது. ஆக, இங்கே முகிலுக்குக் கேட் நீயும் மாப்பிள்ளையும்தான். நீ என்னைக் கேட்டதால் இப்போது நானும்.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதினாறு எதற்கு என்று பார்த்தால், இடைவேளைக்கு அப்புறம் ஒரு கத்திக் காட்சி வருகிறது. ரத்தம் சுவர் வரைக்கும் தெறிக்கிறது. என்னைக் கேட்டால் முகில் அதற்குப் பயப்பட மாட்டான். சாயத் தண்ணீர் என்று அவனுக்கே தெரியும்.

நான் பயந்தது வேறு இடத்தில். படம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். ஒரு அம்மா தன் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கதை சொல்லிக்கொண்டே ஊட்டுகிறாள். அவள் குரல் மாறவில்லை, முகம் மாறவில்லை. உருண்டை பிடிக்கிற கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடைய கையாகவோ மாறுகிறது. பிள்ளை அதைப் பார்த்துவிடுகிறது, பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. சென்சாரின் 1991 வழிகாட்டு நெறிகளைத் தேடி எடுத்துப் படித்தேன். தேவையில்லாத வன்முறை, கொடூரம், பயங்கரம் எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். வன்முறையையாவது அளந்துவிடலாம். இந்தச் சோற்றுக் கையை எப்படி அளப்பார்கள்? அந்தக் கத்திக் காட்சியைக் குறைத்துக் கொடுத்திருந்தால் 13+ கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சோற்றுக் கை அப்படியே இருந்திருக்கும்.

இப்படி நடப்பது புதிதும் இல்லை. 2011இலிருந்து ஜிஎஸ்டி வரும் வரைக்கும், கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் படத்துக்கு யு சர்டிபிகேட் இருக்க வேண்டும். அப்போது சில படங்கள் ரத்தத்தை மட்டும் வெட்டிவிட்டு, சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு வந்ததை நானே ஓட்டியிருக்கிறேன்.

எனக்கு முன் வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஐந்து வயது, மிஞ்சினால் ஆறு. அவன் கண்ணை மூடவில்லை, கயல். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா, "ஒண்ணும் இல்லடா, சும்மா பாரு" என்று சொல்லிச் சொல்லி அவன் கையை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷன்தான், பிள்ளைக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. 1999இல் நான் உனக்குச் செய்ததுதான் கண் முன்னால் வந்தது.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. அப்போது உனக்கு எட்டு வயது. அதுவும் ஒரு யுஏ பேய்ப்படம். முழுப் பரீட்சை லீவு என்பதால் தினமும் என்னோடு புரொஜெக்டர் கேபினுக்கு வருவாய். ரீல் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டு, சுவரில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாய். புரொஜெக்டர் ஓடுகிற சத்தத்தில் படத்தின் சத்தம் பாதிகூடக் கேட்காது. அந்தப் பேய் வரும்போதெல்லாம் சிரிப்பாய். "பவுடர் அப்பியிருக்காப்பா" என்பாய். நான்கு நாள் இப்படிப் பார்த்தாய். பிள்ளைக்குப் பயமே இல்லை என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை உன்னை பால்கனியில் உட்காரவைத்தேன். நம் தியேட்டரில் டிடிஎஸ் சவுண்டு சிஸ்டம் போட்ட புதிது.

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் ரீல் முடிந்து அடுத்த மிஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நீ படியேறி வந்து கேபின் கதவில் நின்றாய். அழவில்லை. "அப்பா, அவ கிணத்துக்குள்ளேர்ந்து பேசறா" என்று மட்டும் சொன்னாய். நான்கு நாளாகப் பார்த்த அதே முகம்தான். குரலைத்தான் அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாய். நம் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. இரண்டு மாசம் நீ கிணற்றடிக்குப் போகவில்லை. பீரோ கண்ணாடி மேல் அம்மா துண்டைப் போட்டு வைத்திருந்தாள். குளிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாய். அம்மா வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதினாறு வருஷம் படம் ஓட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்ட் ஓட்டும்போது சத்தத்தை வைக்காமல் எத்தனை பேய்ப்படம் பார்த்திருக்கிறேன்! சத்தம் இல்லையென்றால் எந்தப் பேயும் பேய் இல்லை. தெரிந்தும் உன்னை அங்கே தனியாக உட்காரவைத்தேன். தப்பு என்னுடையதுதான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அதனால், முகிலுக்கு இந்தப் படம் இப்போது வேண்டாம். அவன் கூச்ச சுபாவம் உள்ள பையன். உன்னைப் போலவே பயத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்துக்கொள்கிறவன். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் போவார்கள். அதில் பெரியவன் பதினான்கு வயது, தாராளமாகப் பார்க்கலாம். சர்டிபிகேட்டில் பதினாறு போட்டிருந்தாலும் அவன் தாங்குவான். சின்னவளுக்குப் பத்து. அவளைப் பற்றி அவள் அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

முகில் வளர்ந்த பிறகு ஆசைப்பட்டால் வீட்டில், பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும். ரிமோட் அவன் கையில் இருக்கட்டும். அதற்குள் உன் போனிலும் டேப்லெட்டிலும் வயதுப் பூட்டு போட்டிருக்கிறாயா என்று பார்த்துக்கொள். தியேட்டரில் மறுத்ததை அதில் பார்த்துவிடப் போகிறான்.

பேய் வேண்டும் என்று கேட்கிறவனுக்குப் பேயே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். வந்ததும் மொட்டை மாடியில் பாய் போட்டு, என் பாட்டி எனக்குச் சொன்ன புளியமரத்து முனி கதையைச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வாள். கண் அகலமாவதைப் பார்த்தால், முனி அந்த இடத்தில் சுருட்டுக் கேட்கும், நெருப்புக் கேட்கும், கதை வேறு பக்கம் போய்விடும். எனக்கும் அது வரும்.

அவனிடம் நீ எதுவும் சொல்லாதே. நீதான் தடுத்தாய் என்று இருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நானே அவனிடம் சொல்கிறேன், படத்தைப் பார்த்துவிட்டேன் என்பதையும் சேர்த்து. நீ கிணற்றுக்குப் பயந்த கதையை அவனிடம் சொல்லலாமா என்று மட்டும் எனக்கு எழுது. நீ வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

அன்புடன்
அப்பா