தீவு ஆலைகளின் உதிரி பாகங்களை மழைக்காலத்துக்கு முன்பே கணக்கிடுங்கள்

லட்சத்தீவுக் குடிநீர் ஆலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும் கொள்முதல் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2005-இல் கவரத்தியில் தொடங்கிய ஆலை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரை மேலே இழுத்து, மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீர் எடுக்கிறது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அமைத்தது. பிறகு மினிக்காய், அகத்தி என்று மற்ற தீவுகளுக்கும் பரவியது.

இவ்வளவும், பம்பின் சுழல்தண்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மெக்கானிக்கல் சீலை நம்பியிருக்கிறது. பம்பில் அது கசியத் தொடங்கினால், ஜனவரியில் கொச்சியிலிருந்து வரவழைத்துவிடலாம். ஜூனில் கடல் கொந்தளிக்கும். சிறு சரக்குக் கலங்கள் ஓடாது. ஹெலிகாப்டரில் சீல் வரலாம், மோட்டார் வராது.

எடுத்துக்காட்டாக, ஒரு பாகம் சராசரியாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பழுதாவதாகக் கொள்வோம். நான்கு மாத மழைக்காலத்தில் ஓர் ஆலையில் அது கைவிடும் வாய்ப்பு 8 சதவீதம்தான். ஆறு தீவுகளைச் சேர்த்துப் பார்த்தால், எங்காவது கைவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம்! கையிருப்பில் ஒன்றே ஒன்று இருந்தால் அதை எந்தத் தீவில் வைப்பது? தயாரிப்பாளர் தரும் உதிரி பாகப் பட்டியலில் இதற்கு விடை இல்லை. கணினியில் ஆயிரம் மழைக்காலங்களை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் கிடைக்கும். பழுது, கப்பல் தேதி, கடலின் நிலை, மழைநீர்த் தொட்டியின் அளவு எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். "ஆண்டில் 95 சதவீதம் இயங்கியது" என்ற கணக்கோடு நிறைவடையாதீர்கள். மீதி 5 சதவீதம் என்பது 18 நாட்கள். அவை சிதறி வந்தால் தொட்டி தாங்கும். சேர்ந்தாற்போல் வந்தால், உப்பேறிய கிணற்றுக்கே மக்கள் திரும்ப வேண்டும். ஆகவே, தொடர்ந்து எத்தனை நாள் நீர் நின்றது என்பதையே அளவுகோலாக வையுங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும். "பம்ப் பழுது, சரிசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி போதாது. எப்போது நின்றது, பாகம் எப்போது வந்து சேர்ந்தது, எப்போது மீண்டும் ஓடியது என்ற மூன்று நேரங்களும் வேண்டும். பழுது பார்க்க ஆன நேரமும் பாகத்துக்காகக் காத்திருந்த நேரமும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

முதலில் கடல்நீர் பம்புக்கும், வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்குவம் பம்புக்கும் மட்டும் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். பிப்ரவரிக்குள் முடித்தால், மே நடுவில் சிறு கலங்களுக்குக் கடல் மூடுவதற்குள் பாகங்கள் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்