பத்து வருடக் கதையும் பூட்டிய வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் பதினாறு வீடுகள். ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சுவிஸிலும் கனடாவிலும். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகளோ அறை தேடிப் படலை படலையாகத் தட்டிக்கொண்டு வருகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் ஏன் வாடகைக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பத்து வருசம் இருந்தா வீடு அவங்களுக்குப் போயிரும் ரீச்சர்."

நானும் அதை நம்பியவள்தான். நம்பிச் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா தந்த வீட்டில் நான் இருக்கிறேன். மூத்தவளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. இளையவளுக்கென்று கட்டிய வீட்டை, அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதும் 2018இல் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்தேன். மாதம் 18,000 ரூபாய், மூன்று மாத முற்பணம். கோடு போட்ட தாளில் நானே எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்து வைத்தோம். 31 வருடம் தமிழ் படிப்பித்தவள் எழுதியது, ஒற்றுப்பிழைகூட இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது குத்தகை உறுதியே, அதாவது செல்லுபடியாகும் குத்தகைப் பத்திரமே, இல்லை.

2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது வாடகைக்கு இருந்தவருடைய முச்சக்கரவண்டியும் வாசலில் நின்றுவிட்டது. வாடகையும் நின்றது. அந்த நேரத்தில் நானும் நெருக்கிக் கேட்கவில்லை. அடுத்த வருடம் வண்டி ஓடத் தொடங்கியது, வாடகை மட்டும் வரவில்லை. பதினொரு மாதம் ஆயிற்று. மகளுக்குக் கலியாணமும் சரிவந்தது. அவர்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போன கிழமை, ஆள் பிடித்துப் பூட்டை மாற்றிவிட்டேன். என் வீடு, என் பூட்டு, யார் கேட்பது?

பொலிஸ் கேட்டது. பிறகு நீதிமன்றம் கேட்டது. '66 வழக்கு' என்று எல்லாரும் சொல்லுவார்களே, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, அதுதான். வீட்டு உறுதி, சோலைவரி (வீட்டுவரி) பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே வீடு யாருடையது என்று பார்க்கவில்லை. வழக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். புதுத் திறப்பை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும், சரி. அவர் முதலில் உடைத்தது அந்தப் பத்து வருடக் கதையைத்தான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது, உரிமையாளருக்கு எதிராக, இடையறாமல் பத்து வருடம் ஆண்டு வந்தவரைப் பற்றி. நம்முடைய சம்மதத்தோடு வாடகைக்கு வந்தவர், நம் உரிமையை வெளிப்படையாக மறுக்காதவரை, முப்பது வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். அப்படிப் பார்த்தால் பயப்பட வேண்டியவர்கள் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போனவர்கள். கேட்காமல் வேலி அடைத்து உள்ளே வருபவன்தான் அந்தச் சட்டத்தைக் காட்டுவான். கடல் கடந்து இருப்பவருக்கு அதில் சில விலக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பி வழக்காடுவது வேறு கதை. யுத்தத்தால் வழக்கு வைக்க முடியாமல் போனவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்கு அது வந்ததே தெரியும்?

அப்புறம் என் தாளைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதாம். நான் எழுதியது மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகைக்குத்தான் காணும். குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வாசலுக்குப் போகவும் கையில் ஒழுங்கான குத்தகை உறுதி வேண்டும். எனக்கு மிஞ்சியது பழைய வழிதான்: எழுத்தில் அறிவித்தல், பிறகு மாவட்ட நீதிமன்றம், தவணைக்கு மேல் தவணை.

அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர்கள் பிள்ளைகளும் அதே வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நல்லதாக ஒரு உறுதி எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் இந்த அலைச்சல் வந்திராது.

உங்கள் ஞாயிறு பதிப்பில் இராசிபலனுக்கு முழுப் பக்கம் போகிறது. அதில் கால் பக்கத்தை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுங்கள். பிரதேச செயலக நடமாடும் சேவைகளில் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மேசை போடுகிறார்கள். வீடு வாடகைக்குக் கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் ஒரு மேசை போட்டால் என்ன?

மகளின் கலியாணம் தையில் முடிந்தது. மருமகனோடு இப்போது என் முன்னறையில்தான் இருக்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.